சாமான் காம்பரா காலியான கதை

பாலில் தண்ணி கலந்திருந்தால் வாளியைப் பார்த்ததுமே சொல்லிவிடுவேன். தோட்டத்து இறப்பர் பெக்டரியில் பதினெட்டு வருசமாகப் பால் நிறுக்கிறவன் நான். விடிந்ததிலிருந்து மரம் மரமாகப் பால் வெட்டிவிட்டு வாளியோடு வருகிற ஆட்கள், என் தராசுக்கு முன்னால் வந்ததும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்கள். கிருஷ்ணராஜை ஏமாற்ற முடியாது என்று தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான்.

இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இனி வரப்போவதைப் படித்துவிட்டு, இவன் விவரமில்லாத ஆள் என்று யாரும் அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது.

தொண்ணூற்றொன்பதாம் வருசம் மார்ச் மாதம் நான் ஒரு சபதம் எடுத்தேன். சித்திரை வருசப் பிறப்புக்கு முன்னால் எங்கள் வீட்டுச் சாமான் காம்பராவைத் துரும்பு மிச்சமில்லாமல் காலி செய்வேன் என்பதே அந்தச் சபதம்.

தெஹியோவிட்டையிலிருந்து மூன்று மைல் மேலே ஏறினால் எங்கள் லயம். ஒரே கூரையில் வரிசையாகப் பன்னிரண்டு வீடு, கடைசி வீடு எங்களுடையது. முன்னால் திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு, நடுவில் ஒரு காம்பரா, பின்னால் சமைக்கக் குசினி. கடைசி வீடு என்பதால் ஓரத்தில் கொஞ்சம் இடம் கிடைத்தது. கல்யாணமான புதிதில் அதில் பலகையும் தகரமும் அடித்து இன்னொரு சின்னக் காம்பரா கட்டினேன். எட்டடிக்கு ஆறடி. கட்டி முடித்த அன்றைக்கு மட்டும் அது காலியாக இருந்தது. மறுநாள் ஒரு உடைந்த முறம் "இப்போதைக்கு இங்கன இருக்கட்டும்" என்று உள்ளே போனது. "இப்போதைக்கு" என்ற வார்த்தைக்கு எங்கள் வீட்டில் பதினேழு வருசம் என்று அர்த்தம்.

திடீரென்று எனக்குச் சுத்தத்தின்மீது ஆசை வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மே மாதம் இங்கிலாந்தில் உலகக் கிண்ணக் கிரிக்கெட். போன தடவை எங்கள் இலங்கை கிண்ணத்தை ஜெயித்தபோது, பெக்டரி கிளாக்கர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று நான் டீவி பார்த்தேன். எனக்கு முன்னால் பதினொரு பேர். கிண்ணத்தை நான் பார்க்கவேயில்லை. முன்னால் நின்றவனின் பிடரியைத்தான் அவ்வளவு நேரமும் பார்த்தேன். அந்தப் பிடரியை இப்போதும் கூட்டத்தில் கண்டால் அடையாளம் சொல்வேன்.

பக்கத்து வீட்டுச் செல்லையா தோட்டத்து லொறி டிரைவர். அவன் ஒரு டீவி வாங்கியிருந்தான். ஆனால் அவனுக்கு ஆறு பிள்ளைகள். வீட்டில் டீவி வைக்க இடம் இருந்தது. அதைப் பார்க்கத்தான் இடம் இல்லை. பாதிப்பேர் டீவிக்குப் பின்னால் நின்று சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருநாள் மலைத் தண்ணி கொட்டுகிற பீலியில் குளித்துக்கொண்டிருந்தபோது நாங்கள் இரண்டு பேரும் ஒப்பந்தம் போட்டோம். டீவி அவனுடையது, காம்பரா என்னுடையது. வீட்டுக்காரிகளிடம் மூச்சு விடக் கூடாது. வருசப் பிறப்பன்று டீவி உள்ளே வந்த பிறகு அவர்களாகவே தெரிந்துகொள்வார்கள். "ஹரி மச்சான்" என்று சிங்களத்தில் சரி சொல்லிச் செல்லையா ஈரக் கையை நீட்டினான். நானும் ஈரக் கையாலேயே குலுக்கினேன். சோப்பு நுரையோடு போட்ட ஒப்பந்தம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது விசயத்தை அவிழ்த்தேன். என் வீட்டுக்காரி மருதாயியும் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள்தான். வீட்டு வேலையெல்லாம் முடித்து, சமைத்து, எனக்கும் மகள் சுஜீதாவுக்கும் போட்டுவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள். அவள் அதிகம் பேச மாட்டாள். பேசாத ஆட்களைச் சமாளிப்பது சுலபம் என்று அந்தக் காலத்தில் நான் நம்பியிருந்தேன்.

ஒரு வருசமாகக் கை படாத எந்தச் சாமானும் இனி இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று அறிவித்தேன். சாமான் காம்பராவை முழுக்கக் காலி பண்ணப் போவதாகவும், உதவி தேவையில்லை, தடுக்காமல் இருந்தால் போதும் என்றும் சொன்னேன்.

மருதாயியின் கை சோற்றிலேயே நின்றது.

"அதெல்லாம் வேணாங்க" என்றாள்.

அவ்வளவுதான். எனக்கு வேகம் பிடித்துவிட்டது. நான் பழைய தொழிற்சங்க ஆள். எதிர்ப்பு இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். எதிர்ப்பு வந்தால் மலையைப் பிரட்டுவேன். சாப்பிட்ட கையைக் கழுவின கையோடு காம்பராக் கதவைத் திறந்தேன். திறந்தேன் என்றால் பாதிதான் திறந்தது. மீதியை உள்ளே இருந்த ஏதோ ஒன்று திறக்க விடவில்லை.

ஒரு வீட்டில் இத்தனை சாமான் கண்ணில் படாமல் எப்படி இருக்க முடியும் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. சட்டியில்லாத மூடி ஒன்பது. மூடியில்லாத சட்டி நாலு. ஒன்றுக்காவது ஒன்று பொருந்துமா என்று போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஒத்துப்போகவில்லை. பூட்டில்லாத சாவி ஒரு கொத்து. கரண்ட் வந்து ரெண்டு வருசமான பிறகும் அரிக்கன் லாம்பு மூன்று. துணி போய்க் கம்பி மட்டும் மிஞ்சிய குடைகள், செத்த வௌவால்களைப் போல ஆணியில் தொங்கின. சொப்பிங் பேக்குக்குள் சொப்பிங் பேக், அதற்குள் இன்னொன்று. பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் காற்று. வயிறு இல்லாத ரேடியோ ஒன்று. தேய்ந்து சுண்டுவிரல் அளவான பால் வெட்டுற கத்திகள். வலது கால் செருப்பு மட்டும் ஐந்து. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இடது கால் இல்லையோ என்று சந்தேகம் வரும்.

மருதாயி வாசற்படியில் குந்திக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் வழக்காடினாள். இருபத்தாறு வெறும் போத்தல்களை வெளியே எடுத்தபோது குறுக்கே கையை நீட்டினாள்.

"அது ஊறுகா போடுறதுக்கு."

"எப்ப போட்ட ஊறுகா?"

"இனிமே போடப்போற ஊறுகா."

போத்தல்கள் வெளியே போயின. பிஸ்கட் டின்கள் பலகாரம் வைக்க வேண்டும் என்றாள், அவையும் போயின. லாம்பு கரண்ட் போனால் உதவும் என்றாள். கண்ணாடி இல்லாத லாம்பு யாருக்கு உதவும் என்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அவள் வாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் குறைந்து வந்தது. செருப்புகளுக்கு வந்தபோது "வேணாம்" என்று மட்டும் சொன்னாள், ஏன் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். ஜெயிக்கிறவன் இரக்கமும் காட்ட வேண்டும் என்று, ஒரு டின்னை மட்டும் திருப்பிக் கொடுத்தேன்.

ரெண்டாவது ஞாயிற்றுக்கிழமை பின்சுவரை எட்டினேன். அங்கே ஒரு ஜன்னல் இருந்தது. நான் அடித்த ஜன்னல்தான். பிஸ்கட் டின் அடுக்குக்குப் பின்னால் பதினேழு வருசம் இருட்டில் கிடந்திருக்கிறது. கொண்டியைத் தட்டித் திறந்ததும் இறப்பர் மரங்களுக்கு நடுவிலிருந்து வெளிச்சம் வந்து தரையில் விழுந்தது. சுஜீதா ஓடிவந்து அந்த வெளிச்சத்தில் நின்று பார்த்தாள். இந்தப் பக்கம் இவ்வளவு காத்து வருமா அப்பா என்று கேட்டாள். வரும், நீ பாத்துக்கிட்டே இரு என்றேன், கொலம்பஸ் மாதிரி.

கடைசியாக ரெண்டு பெரிய சாமான் மிஞ்சின. ஒன்று பித்தளை அண்டா. மருதாயி கல்யாணத்துக்குக் கொண்டுவந்தது. இன்னொன்று என் அப்பாவின் பலா மர மேசை. ஒரு கால் ஆடும்.

இந்த இடத்தில் மருதாயி எனக்கே ஆச்சரியம் கொடுத்தாள். "இவ்வளவு போயிருச்சு, இந்த ரெண்ட மட்டும் வச்சுக்கிட்டு என்னத்துக்கு? அதையும் தூக்கிக் குடுத்துருங்க" என்றாள். கோபத்தில் சொல்கிறாள் என்று எனக்குப் பட்டது. கோபத்தில் எடுக்கிற முடிவை ஒரு குடும்பத் தலைவன் ஏற்கக் கூடாது. அண்டா பித்தளை, இந்த மாதிரிப் பித்தளை இனிக் கிடைக்காது என்று ஒரு பிரசங்கம் செய்து, அதைக் குசினியில் நல்ல இடமாகப் பார்த்து நானே வைத்தேன். மேசையைப் பற்றி நான் அதிகம் பேசவில்லை. டீவி வைக்க ஒரு மேசை வேண்டும் என்பது என் மனசுக்குள் மட்டும் இருந்தது. அப்பாவின் ஞாபகம் என்று சொல்லிவிட்டேன். அப்பாவைப் பற்றிச் சொன்னதும் மருதாயி மறுபேச்சுப் பேசவில்லை. நான் மூன்று சாயந்தரம் உட்கார்ந்து அந்தக் காலுக்கு ஆப்பு அடித்து, மேலே சீலைக் கடதாசி போட்டுத் தேய்த்து, வார்னிஷ் பூசினேன். முகம் பார்க்கலாம் போல ஆனது.

பழைய சாமான் வாங்குகிற முக்தார் நானா தெஹியோவிட்டையிலிருந்து லேண்ட்மாஸ்டர் டிராக்டரில் வந்தார். "பரண யக்கட, பழைய இரும்பு, போத்தல், பித்தளை" என்று சிங்களமும் தமிழுமாகக் கூவிக்கொண்டு வருகிறவர், எங்கள் வாசலில் கிடந்த குவியலைப் பார்த்ததும் கூவலை நிறுத்திவிட்டார். பழைய சாமானுக்குப் பதில் பிளாஸ்டிக் சாமான் கொடுப்பது அவருடைய வியாபாரம். ஒன்றொன்றாக வண்டியில் ஏற்றினோம். நசுங்கிய ஒரு தகர வாளி குசினி வாசலில் கவிழ்ந்து கிடந்தது. அதையும் நானே எடுத்துப் போட்டேன்.

கடைசியில் கயிறு கட்டின ஒரு கடதாசிக் கட்டை அவருடைய தராசில் வைத்தேன். பெக்டரியில் கழித்த நிறுவைத் துண்டுகள். அடுப்பு மூட்ட உதவும் என்று நான்தான் அவ்வப்போது வீட்டுக்குக் கொண்டுவந்து போடுவேன். முக்தார் நானா ஒன்றை உருவித் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார். பிறகு கட்டை என்னிடமே நீட்டினார்.

"இத நான் எடுக்க மாட்டேன் கிருஷ்ணராஜ். புள்ள படிச்ச கடதாசி."

வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் பென்சிலால் நெருக்கி நெருக்கிக் கேத்திர கணிதம். வட்டம், முக்கோணம், கோணத்துக்குப் பெயர். கட்டில் எத்தனை துண்டு இருந்ததோ அத்தனையிலும். சுஜீதாவைக் கூப்பிட்டு, இதெல்லாம் எங்கே உட்கார்ந்து எழுதினாய் என்று கேட்டேன். டிசம்பரில் அவளுக்கு ஓ.எல். பரீட்சை என்பது எனக்குத் தெரியும். அவள் எங்கே உட்கார்ந்து படிக்கிறாள் என்பதை நான் யோசித்ததே இல்லை.

"குசினிலதான் அப்பா. அந்த வாளியக் கவுத்துப் போட்டு ஒக்காந்துக்குவேன்."

அந்த வாளி லேண்ட்மாஸ்டரில் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது.

எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. கடதாசிக் கட்டை உள்ளே கொண்டுபோய் அரிசிப் பெட்டிக்கு மேலே பத்திரமாக வைத்தேன். வெளியே வந்தபோது மருதாயி முக்தார் நானாவிடம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ரெண்டு பெரிய பேசின் கொடுங்கள், கதிரை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டியில் நீல நிறத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் அடுக்கியிருந்தன. கிரிக்கெட் பார்க்கிறவன் பேசினிலா உட்கார முடியும்? நான் குறுக்கே புகுந்தேன். முக்கால் மணி நேரம் பேரம் பேசினேன். அரிக்கன் லாம்பின் பெருமையையெல்லாம் எடுத்துச் சொன்னேன். போன வாரம் மருதாயி எனக்குச் சொன்ன அதே வாதங்கள். கடைசியில் மூன்று கதிரை வாங்கினேன். மருதாயி பேசின் போச்சே என்று முணுமுணுத்துக்கொண்டு, கதிரைகளைத் துடைத்து உள்ளே கொண்டுபோய்ப் போட்டாள்.

பிறகு என் கை நிற்கவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். நாப்பது வாட் பல்பு போதும், பெரிய வெளிச்சம் வேணாம், பூச்சி வரும் என்று மருதாயி சொன்னாள். அவிசாவளைக்குப் பஸ் ஏறிப் போய் டியூப் லைட்டே வாங்கிவந்து பூட்டினேன். பந்தயம் பார்க்கும்போது முறுக்குத் தட்டு வைக்கத் தோதாகச் சுவரில் ஒரு நீளப் பலகை அடித்தேன். இது என்னத்துக்கு என்று கேட்டாள். அலங்காரம் என்றேன். வேலை செய்துகொண்டே ஒருநாள் வாய்தவறி "உலகக் கிண்ணம்" என்று முணுமுணுத்துவிட்டேன்.

"எந்தக் கிண்ணங்க? நம்மகிட்ட ரெண்டுதான் இருக்கு, ரெண்டும் கழுவி வச்சிருக்கேன்" என்றாள் மருதாயி.

பாவம், ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி டீவி வர வேண்டியதுதான் பாக்கி. இங்கேதான் நான் என் மூளையின் உச்சத்தைக் காட்டினேன். டீவியை மறைவாகக் கொண்டுவந்தால் வீட்டுக்காரிகள் ரெண்டு பேரும் சேர்ந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊர் பார்க்கக் கொண்டுவந்தால்? பத்துப்பேர் முன்னால் எந்தப் பெண் புருசனை மறுத்துப் பேசுவாள்? வருசப் பிறப்பன்று வேலை தொடங்குகிற நல்ல நேரத்தில், புதுக் காம்பராவைப் பார்க்க வாருங்கள் என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டேன். சங்கத் தலைவரையும் அழைத்தேன். சரியாக அந்த நேரத்துக்கு டீவியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று செல்லையாவிடம் சொன்னேன். அவன் மச்சான் நீ பெரிய ஆள் என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஆட்களைக் கூப்பிட்ட விசயத்தை மருதாயியிடம் சொன்னபோது அவள் முகம் சுருங்கியது. ஊரெல்லாம் எதுக்குங்க, வேணாமே என்றாள். இன்னும் ரெண்டு வீட்டுக்குச் சேர்த்துச் சொன்னேன்.

வருசப் பிறப்பு வந்தது. காலையிலேயே பால்சோறு பொங்கி, கைவிசேசக் காசு வாங்கி, புதுச் சேர்ட் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். லயத்துச் சனம் முழுக்க வந்தது. காம்பராவுக்குள் எட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் இது கிருஷ்ணராஜ் வீடுதானா என்று கேட்டார்கள். சங்கத் தலைவர் மேசையைத் தடவிப் பார்த்துவிட்டு, அப்பா காலத்து மேசையா என்றார். ஜன்னல் வழியாகக் காற்று வந்து எல்லார் தலையையும் கலைத்தது. அந்த ஒரு மணி நேரம் நான் தரையில் நடக்கவில்லை.

நல்ல நேரத்துக்கு ரெண்டு நிமிசம் இருக்கும்போது செல்லையா வீட்டுக் கதவு திறந்தது. கூட்டம் வழிவிட்டது. செல்லையா வந்தான். தலையில் ஏதோ சுமந்திருந்தான். எட்டி எட்டிப் பார்த்தேன். டீவிக்கு நாலு கால் கிடையாது. இதற்கு நாலு கால் இருந்தது.

அது ஒரு வாங்கு. நாலு பிள்ளைகள் நெருக்கி உட்காரக்கூடிய நீளப் பலகை வாங்கு. செல்லையாவுக்குப் பின்னால் அவனுடைய பெண்சாதி தங்கம்மா, அவளுக்குப் பின்னால் குளித்து விபூதி பூசின ஆறு பிள்ளைகள், கையில் கொப்பியும் பென்சிலும். டீவி எங்கே என்று கண்ணாலேயே செல்லையாவைக் கேட்டேன். அவன் கண்ணாலேயே தங்கம்மாவைக் காட்டிவிட்டு, கீழே பார்த்துக்கொண்டான்.

நான் சுதாரிப்பதற்குள் மருதாயி கூட்டத்துக்கு நடுவே ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தாள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து அனுஷியா டீச்சர். நான் அழைக்காத ஒரே ஆள். டீச்சர் குத்துவிளக்கை ஏற்றிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். இந்த லயத்தில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் ஒன்பது பேர் இருக்கிறார்கள், உட்கார்ந்து படிக்க ஒருவருக்கும் இடம் இல்லை, யாராவது ஒரு மூலை கொடுக்க மாட்டார்களா என்று தான் மூன்று வருசமாகக் கேட்டு வந்ததாகச் சொன்னார். மூலையைக் கேட்டேன், கிருஷ்ணராஜ் ஒரு காம்பராவையே கொடுத்துவிட்டார் என்றார். மேசையைத் தன் கையால் சரிசெய்தார், வெளிச்சம் போட்டார், புத்தகம் வைக்கப் பலகைகூட அடித்திருக்கிறார் என்று முறுக்குப் பலகையைக் காட்டினார். இப்படி ஒரு தகப்பன் கிடைக்க சுஜீதா கொடுத்து வைத்தவள் என்று முடித்தார்.

சனம் கைதட்டியது. சங்கத் தலைவர் ஒரு பொன்னாடையை உதறி என் தோளில் போர்த்தினார். அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். இல்லை, இது கிரிக்கெட் பார்ப்பதற்காக என்று சொல்ல வாயைத் திறந்தேன். முன்வரிசையில் தங்கம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் கல்வியின் அவசியத்தைப் பற்றிப் பத்து நிமிசம் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று பிறகு சொன்னார்கள். ஒரு இடத்தில் எனக்கே குரல் தழுதழுத்தது; அது டீவியை நினைத்து.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பேசி முடித்துத் திரும்பினேன். நல்ல நேரம் தவறக் கூடாது என்று சுஜீதா அதற்குள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நீலக் கதிரை. முழங்கையை மேசையில் ஊன்றி, புதுக் கொப்பியைத் திறந்து, ஒரு வட்டம் வரைந்தாள். வரைந்துவிட்டு, முழங்கையை இன்னும் கொஞ்சம் அகட்டி வைத்துப் பார்த்தாள். இவ்வளவு இடமா என்று பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு குனிந்தவள் நிமிரவில்லை. எனக்கு அப்போது உலகக் கிண்ணம் ஞாபகம் வரவில்லை. கொஞ்ச நேரத்துக்கு.

எல்லாரும் பலகாரம் சாப்பிட்டுப் போன பிறகு, மருதாயி பித்தளை அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். பொன்னாடையோடு போய்ப் பக்கத்தில் நின்றேன். இதை எப்போதிருந்து யோசித்தாய், செல்லையா எப்போது உளறினான் என்று கேட்டேன். செல்லையா அண்ணன் பாவம், பீலியில் நீங்கள் பேசின அன்றைக்கே கல்லுக்கு அந்தப் பக்கம் தங்கம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள் என்றாள். அப்படியானால் நீ ஏன் ஒவ்வொன்றுக்கும் குறுக்கே நின்றாய், நேராகக் கேட்டிருக்கலாமே என்றேன்.

மருதாயி அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"புள்ளைக்கு அந்தக் காம்பராவ காலி பண்ணிக் குடுங்கன்னு மூணு வருசமா சொன்னேங்க. உங்க காதுலயே விழல. அதனால இந்த வருசம் வேணாம்னு சொல்லிப் பாத்தேன்."

மேசை, கதிரை, டியூப் லைட், லயம் முழுக்கப் போன அழைப்பு என்று ஒவ்வொன்றாக என் கண்ணுக்கு முன்னால் வரிசை கட்டி நின்றன. நான் போய்ப் பொன்னாடையை மடித்து வைத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் சாயந்தரம் ஒன்பது பிள்ளைகள் வந்து படித்தார்கள். செல்லையாவின் ஆறும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டதால் அவன் வீட்டில் டீவி பார்க்கத் தாராளமாக இடம் கிடைத்தது. யோசித்துப் பார்த்தால் கடைசியில் எனக்கும் தோல்வி இல்லை. மே பதினாலாம் தேதி எங்கள் முதல் பந்தயம். அன்றைக்குக் காலையில் பெக்டரிக்குப் புறப்படும்போது மருதாயி வாசல்வரை வந்தாள்.

"இன்னிக்கு வெள்ளன வீட்டுக்கு வர வேணாங்க. செல்லையா அண்ணன் வீட்ல மேட்ச் பாத்துட்டு ஆறுதலா மெதுவா வாங்க" என்றாள்.

பகல் முழுக்கத் தராசடியில் நின்று அந்த "வேணாம்" எந்த வேணாம் என்று யோசித்து, சந்தேகம் தாங்காமல் வெள்ளனவே வீட்டுக்கு ஓடினேன். பந்தயம் தொடங்கியபோது நான் வீட்டு வாசலில் இருந்தேன், கையில் கோடாலியோடு, மருதாயி வரவழைத்திருந்த ஒரு லேண்ட்மாஸ்டர் நிறைய இறப்பர் விறகுக்கு முன்னால்.